சிறுதேரும் நிலைபேறும்: குழந்தைகளுக்கான பரிசு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

குழந்தைக்கு எவ்விளையாட்டுப் பொருளைப் பரிசாகக் கொடுப்பது என்ற வினா இலக்கிய விமர்சனத்தின் எல்லைக்கு உட்பட்டதன்று எனச் சிலர் கருதக்கூடும். அது தாய்மாரும் கடைக்காரரும் தம்முள் தீர்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்பது அவர்தம் எண்ணம். ஆயின் விளையாட்டுப் பொருளும் ஒரு படைப்பே. அதனை ஒருவர் ஆக்குகிறார், மற்றொருவர் தெரிந்தெடுக்கிறார், வேறொருவர் நுகர்கிறார். ஆக்குவோன், பொருள், நுகர்வோன் ஆகிய மூன்றுக்கும் இடையேயுள்ள உறவை ஆராய்தல் விமர்சனத்தின் பணியாயின், ஒரு செய்யுளைக் குறித்து நாம் வழக்கமாகக் கேட்கும் வினாவை, அதாவது இது நிலைக்குமா, நிலைக்குமாயின் எதனால் நிலைக்கும் என்ற வினாவை, ஒரு மரவண்டிலைக் குறித்தும் கேட்டல் தகும்.

இவ்வினா எழுந்த சந்தர்ப்பத்தை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். சென்ற விடுமுறையில் என் தமக்கையின் மகனுக்கு முதலாவது பிறந்தநாள் வந்தது. உறவினர் கொணர்ந்த பரிசுகளுள் பெரும்பாலானவை பற்றறியால் இயங்குவன. பொத்தானை அழுத்தியதும் ஓடுவனவும் பாடுவனவும் ஒளி விடுவனவுமாக அவை விறாந்தையை நிறைத்தன. குழந்தை அவற்றைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர் ஒரு பெட்டியிற் கட்டியிருந்த கயிற்றைப் பற்றி அப்பெட்டியை இழுக்கத் தொடங்கினான். எல்லோரும் சிரித்தனர். அம்மம்மா மட்டும் ஓடி ஓய்ந்த காரொன்றைக் கையிலெடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பழுதாப் போனால் ஆர் திருத்துறது?” என்று கேட்டார். எவரும் விடை கூறவில்லை. அவ்வினாவை இலக்கியத்தின் துணைகொண்டு ஆராயும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

சங்கச் செய்யுளிற் சிறுதேர்

தமிழிலக்கியத்திற் குழந்தையின் விளையாட்டுப் பொருளாகச் சிறப்பிடம் பெறுவது சிறுதேர். பிற்காலப் பிள்ளைத்தமிழ் ஆண்பாற்குரிய பத்துப் பருவங்களுள் இறுதியானதாக அதனை அமைத்துப் போற்றியது. ஆயினும் பிள்ளைத்தமிழில் வரும் தேர் பெருமளவுக்கு ஒரு மரபுச் சின்னமே. அதனை உருட்டும் குழந்தையும் தெய்வமாகவோ தலைவனாகவோ இருப்பதே வழக்கு. தச்சன் செதுக்கிய மரத்தேரையும் அதனைப் பற்றி இழுக்கும் சிறு கைகளையும் காண விரும்புவோர் சங்கச் செய்யுள்களையே நாடவேண்டும்.

குறுந்தொகையின் 61 ஆம் செய்யுள் தும்பிசேர் கீரன் பாடியது. தோழி கூற்றாக அமைந்தது. தலைவனைக் கூடி இன்புறாவிடினும் அவனோடு கொண்ட நட்பை வளர்த்து இன்புறும் நிலையொன்றை உணர்த்தத் தோழி ஓர் உவமையை நாடுகிறாள். தச்சன் செய்த, சிறு குதிரை பூட்டிய தேரில் ஏறிச் செல்லுதல் சிறுவர்க்கு இயலாது. எனினும் அதனைக் கையால் இழுத்து அவர்கள் மகிழ்கின்றனர் என்பதே அவ்வுவமை. அகப்பொருள் நோக்கில் இச்செய்யுளை விளக்கியோர் பலர். நாம் ஈண்டு நோக்கற்பாலது உவமையின் மற்றப் பக்கம். தேர் என்பது ஏறிச் செல்வதற்கு உரியது. விளையாட்டுத் தேர் அந்த ஒரு காரியத்தை மட்டும் செய்யாது. அது செய்யாது விட்டதைக் குழந்தையின் கை செய்கிறது. குழந்தை பெறும் இன்பமும் அங்கேதான் பிறக்கிறது. தானே ஓடும் தேராயின் உவமை அக்கணமே சிதைந்துவிடும். நுகர்வோனின் பங்கிற்கு இடம் விட்டு நிற்றலே அப்பொருளின் இயல்பு என்பதைப் புலவர் ஒரு குறிப்பால் உணர்த்திவிட்டார்.

உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும் பட்டினப்பாலையிலும் இதே தேர் மீண்டும் வருகிறது. முன்னையதில், மருதநிலத்து வளமான இல்லத்துப் புதல்வர் தேரை உருட்டிக் களைத்து, செவிலியின் பாலை அருந்தி உறங்குகின்றனர். அத்தேர் தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்பும்படி அழகாகப் புனையப்பட்டது என்கிறார் புலவர். தேரின் அழகைச் சொல்லவந்த அடைமொழியே இது. ஆயினும் சமுதாய நோக்குடைய வாசகர் இவ்விடத்தைக் கடந்து செல்லுதல் கடினம். தந்தையர் நாள்தோறும் தேர் செய்யும் வீட்டிலே பிறந்த சிறுவரே அத்தேரை விரும்பி நோக்குகின்றனர். அதனை உருட்டுவோர் வேறு வீட்டுப் பிள்ளைகள். நல்ல விளையாட்டுப் பொருளை ஆக்குவோன் யார், அது சென்றடைவது யாரை என்ற வினா அத்துணைப் பழமையானது.

பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் உணவுப்பொருள் காய்கிறது. அதனைக் கவர வரும் கோழியை விரட்ட மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிகின்றனர். விழுந்து கிடக்கும் அப்பொற்குழை, சிறுவர் குதிரையின்றி உருட்டிவரும் மூன்று சில்லுத் தேரின் வழியை மறிக்கிறது. நகரின் செல்வப் பெருக்கைப் புகழ்வதே புலவரின் நோக்கம் என்பதில் ஐயமில்லை. எனினும் தேர் உருட்டும் குழந்தைக்குப் பொன் ஒரு வழித்தடை. தெருவிற் கிடக்கும் கல்லுக்கும் அதற்கும் வேறுபாடில்லை. பெரியோரின் மதிப்பும் குழந்தையின் மதிப்பும் எவ்வளவு தூரம் விலகியவை என்பதைக் காட்ட இதனினும் தெளிவான காட்சி வேண்டுவதில்லை.

மண்தேரும் பொன்தேரும்

பொன்னும் சிறுதேரும் மீண்டும் எதிர்ப்படும் இடம் சூத்திரகரின் வடமொழி நாடகமாகிய மிருச்சகடிகம். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் இதனை மண்ணியற் சிறுதேர் எனத் தமிழாக்கினார். பத்து அங்கங்கள் கொண்ட இந்நாடகம் தன் பெயரை ஆறாம் அங்கத்தின் ஒரு சிறு காட்சியிலிருந்தே பெறுகிறது.

வறுமையுற்ற சாருதத்தனின் சிறு மகன் அயல்வீட்டுப் பிள்ளையின் பொன்தேரோடு விளையாடியவன். அது திரும்பப் பெறப்பட்டதும், பணிப்பெண் செய்து கொடுத்த மண்தேரை வேண்டாமென்று அழுகிறான். அங்கு வந்த கணிகை வசந்தசேனை அவன்மீது இரக்கம் கொள்கிறாள். அவளையும் தாயென எண்ணுமாறு பணிப்பெண் கூற, தாயாயின் இவ்வளவு நகை ஏன் அணிந்திருக்கிறாள் எனக் குழந்தை வினவுகிறான். அவள் கண்ணீருடன் நகைகளைக் கழற்றி மண்தேரை நிரப்பி, இவற்றைக்கொண்டு பொன்தேர் செய்வித்துக்கொள் என்கிறாள். அந்நகைகளே பின்னர் நீதிமன்றிற் சாருதத்தனுக்கு எதிரான சான்றாகி அவனைக் கொலைக்களம் வரை கொண்டு செல்கின்றன.

இக்காட்சி எளிய நீதியொன்றைக் கூறி நின்றுவிடவில்லை. மண்தேரே மேலானது, குழந்தை அறியாது அழுகிறான் என்று நாடகாசிரியர் கூறியிருந்தால் அது போதனையாகியிருக்கும். குழந்தையின் ஏக்கம் உண்மையானது. அயல்வீட்டில் இருப்பது தன் வீட்டில் இல்லை என்பதை அவன் அறிந்துவிட்டான். வசந்தசேனையின் கொடையும் உண்மையான அன்பினாற் பிறந்தது. ஆயினும் அக்கொடை குழந்தையின் ஏக்கத்துக்கு விலை கொடுத்ததேயன்றி விளையாட்டுக்கு எதனையும் கொடுக்கவில்லை. நகை நிரம்பிய தேரை எவராலும் இழுத்து விளையாட முடியாது. பரிசின் பெறுமதி கூடக்கூட அது குழந்தையின் கையிலிருந்து நீங்கிப் பெரியோரின் வழக்கிலும் பூசலிலும் சிக்கிக்கொள்கிறது. நாடகத்துக்குப் பெயர் கொடுத்தது பொன்தேரன்று, குழந்தை மறுத்த மண்தேரே என்பது மனங்கொள்ளத்தக்கது.

மரமும் பிளாஸ்ரிக்கும்

நம் காலத்துக்கு வருவோம். விளையாட்டுப் பொருளை விமர்சனத்துக்குரியதாகக் கொண்ட மேனாட்டாருள் இருவர் இன்றியமையாதவர்: ஜெர்மானியரான வால்ற்றர் பெஞ்சமின், பிரெஞ்சுக்காரரான றோலன் பார்த்.

பெஞ்சமின் 1928 இல் விளையாட்டுப் பொருள் பற்றிச் சில கட்டுரைகள் எழுதினார். ஜெர்மனியில் விளையாட்டுப் பொருள்கள் தொடக்கத்திற் தனித் தொழிலாளரால் ஆக்கப்படவில்லை, மரவேலை செய்வோரினதும் தகரவேலை செய்வோரினதும் பட்டறைகளிற் பக்கவிளைவாகவே தோன்றின என்பதை அவர் சுட்டினார். உண்மைப் பொருளை எவ்வளவுக்கு நுணுகிப் பின்பற்றுகிறதோ அவ்வளவுக்கு ஒரு பொம்மை விளையாட்டிலிருந்து விலகுகிறது என்பதும் அவர் கருத்து. கட்டட வேலையிலும் தையலிலும் தச்சுவேலையிலும் எஞ்சும் கழிவுகளையே குழந்தைகள் பெரிதும் நாடுகின்றனர் என்றும் அதே ஆண்டு வெளிவந்த மற்றொரு நூலிற் குறிப்பிட்டார். பெரும்பாணாற்றுப்படையின் தச்சச் சிறுவர்க்கு நல்ல தேர் கிடைக்கவில்லை. ஆயின் மரத்துண்டும் சீவலும் நிறைந்த முற்றம் அவர்களுக்கு இருந்திருக்கும் என இதனைக்கொண்டு நாம் எண்ணலாம்.

பார்த்தின் கட்டுரை 1957 இல் நூலுருப் பெற்ற அவரது கட்டுரைத் தொகுதியில் உள்ளது. பிரெஞ்சுப் பொம்மைகள் இராணுவம், மருத்துவம், அஞ்சல் என்று வளர்ந்தோர் உலகைச் சிறிதாக்கிக் குழந்தையிடம் நீட்டுகின்றன. குழந்தை அவற்றின் சொந்தக்காரனாகவும் பாவனையாளனாகவும் ஆகிறானேயன்றிப் படைப்பாளி ஆவதில்லை என்பது அவரது குற்றச்சாட்டு. சிறுமியின் கையிற் கொடுக்கப்படும் பாவை அவளை விரைவிலேயே தாய்மைக்குப் பழக்குகிறது என்றும் அவர் காட்டினார். நம் மரபும் இதற்கு விலக்கன்று. பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களில் ஆண் குழந்தைக்குச் சிறுபறையும் சிறுதேரும் உரியவை. பெண் குழந்தைக்கு அம்மானையும் நீராடலும் ஊசலும். பெண்கள் மணலிற் கட்டிய சிற்றிலைக் காலாற் சிதைத்தலும் ஆண்பாற் பருவங்களுள் ஒன்று. கட்டியவளுக்குப் பாட்டில் இடம், தன் வீட்டைச் சிதைக்கவேண்டாமென்று இரப்பதற்கு மட்டுமே. இன்றைய கடைகளிற் சிறுவர்க்கு ஒரு தட்டும் சிறுமியர்க்கு ஒரு தட்டுமாகப் பொருள்கள் பிரிக்கப்பட்டிருத்தலைக் காணும்போது, இப்பிரிவினை அந்நிய இறக்குமதி என்று நாம் தப்பித்துக்கொள்ள இயலாது.

பார்த் மேலும் ஒரு படி செல்கிறார். பிளாஸ்ரிக் இரசாயனத்தின் விளைவு, தொடுகையின் இன்பத்தை அழிப்பது, விரைவில் மடிவது. மரமோ வெதுவெதுப்பானது, உடைந்து சிதறாது மெல்லத் தேய்வது, குழந்தையோடு நெடுநாள் வாழ்வது என்பர். இவ்விடத்தில் அவருடன் முற்றாக உடன்படுதல் எனக்கு இயலவில்லை. அவரது கட்டுரையின் முற்பகுதி பொருளின் உறவைப் பேசுகிறது. பிற்பகுதி பொருளின் மூலப்பொருளைப் பேசுகிறது. முன்னையது விமர்சனம், பின்னையது ஓர் ஏக்கம். இவ்வேக்கத்தையே இன்று வணிகர் விலையாக்கி விற்கின்றனர். மரம் என்பதனாலேயே ஒரு பொருள் நன்றாகிவிடுவதில்லை. 2007 இல் ஈயம் கலந்த வண்ணம் பூசப்பட்டமை கண்டறியப்பட்டு ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 15 இலட்சம் விளையாட்டுப் புகைவண்டிப் பொருள்கள் மீளப் பெறப்பட்டன. அவை மரத்தாலானவையே.

மறுபக்கச் சான்றும் உண்டு. டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற ஊரில் ஒலே கேர்க் கிறிஸ்தியன்சன் என்ற தச்சர் 1932 இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அவரது பட்டறையே லெகோ நிறுவனமாயிற்று. இன்று நாம் அறிந்த வடிவிலான பிளாஸ்ரிக் கட்டை 1958 இற் காப்புரிமைக்குப் பதியப்பட்டது. 1960 இற் களஞ்சியமொன்று தீப்பற்றியதன் பின் நிறுவனம் மரப் பொம்மைகளை முற்றாகக் கைவிட்டது. பார்த் இகழ்ந்த அதே பிளாஸ்ரிக்கில், அவரது நூல் வெளிவந்த மறு ஆண்டிற் பதியப்பட்ட அக்கட்டை இன்று வெளிவரும் கட்டையோடு பிசகின்றிப் பொருந்துகிறது. பாட்டனின் கட்டைமீது பேரன் கட்டலாம். கழற்றிப் பூட்டும் கட்டைகளைப் பார்த்தே தம் கண்டனத்துக்கு விலக்காகக் கொண்டார் என்பதையும் மறத்தலாகாது.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1837 இல் ஜெர்மனியின் பிளாங்கன்பேர்க்கிற் பாலர் கல்விப் பணியைத் தொடங்கிய புரோபல், தாம் வகுத்த விளையாட்டுப் பொருள்களுக்குப் ‘பரிசுகள்’ என்றே பெயரிட்டார். முதலாவது பரிசு கம்பளி நூற்பந்துகள்; இரண்டாவது கோளம், கனவுரு, உருளை; மூன்றாவது எட்டுச் சிறு கனவுருக்களாகப் பிரியும் ஒரு மரக் கனவுரு. அவற்றுள் ஒன்றேனும் தானே எதனையும் செய்வதில்லை. பிரித்தலும் அடுக்குதலும் குழந்தையின் வேலை.

ஆகவே நிலைபேற்றுக்கு மரமோ பிளாஸ்ரிக்கோ மண்ணோ தன்னளவிற் காரணமாவதில்லை. குழந்தையின் கைக்கு எவ்வளவு வேலையை மிச்சம் வைக்கிறது என்பதே ஒரு விளையாட்டுப் பொருளின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இழந்த வண்டிலும் எஞ்சிய வண்டிலும்

இம்முடிவை நம் மண்ணில் வைத்துச் சோதித்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நுங்கு குடித்தபின் எறியப்படும் கோம்பைகளைச் சில்லாக்கி, தடியொன்றைப் பூட்டி வண்டில் உருட்டினர். திருவிழாக் கடைகளில் அம்மம்மா குழல் வாங்கினர். 1977 இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபின் இறக்குமதிப் பொம்மைகள் நாட்டிற் பெருகின. 1990 இன் பின் வடபுலத்துக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையிற் பற்றறியும் அடங்கிற்று. பற்றறியால் ஓடிய பொம்மைகள் ஒரேயடியாக ஊமையாயின. ஒரு பொருளின் ஓட்டம் எங்கோ ஆக்கப்படும் பிறிதொரு பொருளைச் சார்ந்திருப்பின் அதன் நிலைபேறு எவ்வளவு நொய்தானது என்பதை அத்தலைமுறை ஏட்டிற் படிக்காமலே அறிந்துகொண்டது.

எங்கள் அம்மம்மா வீட்டிலும் ஊர்த் தச்சரொருவர் வேப்பமரத்திற் செய்த மூன்று சில்லு வண்டிலொன்று இருந்தது. மூத்த மாமாவுக்காகச் செய்யப்பட்ட அது, ஐந்து பிள்ளைகளின் கையில் வளர்ந்தது. சில்லு இருமுறை மாற்றப்பட்டதாம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது, எடுத்துச் செல்லவேண்டியவற்றுள் வண்டிலுக்கு இடமிருக்கவில்லை. மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டிற் கதவுகளும் இருக்கவில்லை, வண்டிலும் இருக்கவில்லை. நெடுநாள் உழைக்கும் பொருள் என்று நாம் பேசும்போதெல்லாம், பொருள் நிலைப்பதற்கு முதலில் வீடு நிலைக்கவேண்டும் என்ற உண்மையை இந்நாட்டவர் மறந்து பேசமுடியாது.

எனினும் அம்மா சொல்லும் கதையில் ஒரு மிச்சம் உண்டு. தென்மராட்சியிற் பாடசாலையொன்றிற் தங்கியிருந்த நாள்களில், ஏழு வயதான கடைசி மாமா ஒரு மீன் ரின்னை வண்டிலாக்கினார். தேய்ந்த செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லாக்கினார், ஈர்க்கை அச்சாக்கினார். சில்லு கழன்று விழாதிருக்க அச்சின் இரு முனையிலும் சிறு முளை வேண்டும் என்பதை அவருக்கு அங்கு எவரும் கற்பிக்கவில்லை. வீட்டில் விட்டுவந்த வண்டிலைக் கவிழ்த்துப் பார்த்து அவர் முன்னரே கற்றிருந்தார். வறுமையிற் குழந்தைகள் படைப்பாளிகளாகின்றனர் என்று பாராட்ட இதனை நான் கூறவில்லை. எந்தக் குழந்தைக்கும் அத்தகைய படைப்புச் சந்தர்ப்பம் வாய்க்கவேண்டாம். நல்ல பரிசொன்று அழிந்த பின்னும் அதன் அறிவு கையில் எஞ்சியது என்பதையே கூற விரும்புகிறேன். திறந்து பார்க்க முடியாதபடி ஒட்டி மூடப்பட்ட பொருள் இவ்வாறு எஞ்சுவதில்லை.

இவற்றிலிருந்து பரிசு தெரிவோர்க்குச் சில அளவுகோல்கள் பிறக்கின்றன. முதலாவது, இப்பொருள் குழந்தைக்கு என்ன செய்து காட்டுகிறது என்று கேளாது, குழந்தை இதனைக்கொண்டு என்ன செய்யலாம் என்று கேட்டல். இரண்டாவது, பழுதானால் வீட்டிலோ ஊரிலோ திருத்த முடியுமா எனப் பார்த்தல். மூன்றாவது, வண்ணமும் விளிம்பும் சிறு துண்டுகளும் குழந்தையின் வாய்க்கும் கைக்கும் தீங்கு செய்யாதனவா என ஆராய்தல். நான்காவது, அடுத்த குழந்தைக்கும், அது ஆணாயினும் பெண்ணாயினும், இது செல்லுமா என எண்ணுதல். பந்து, கட்டை, பாவை, பம்பரம், இழுவண்டில் முதலியன நெடுங்காலம் வாழ்ந்தமைக்குக் காரணம் அவை பழமையானவை என்பதன்று. இவ்வினாக்களுக்கு அவற்றிடம் விடை இருந்தமையே.

இவ்வெண்ணங்களுடன் எங்களூரில் எஞ்சியுள்ள தச்சரொருவரிடம் சென்று, தமக்கையின் மகனுக்கு மூன்று சில்லு வண்டிலொன்று செய்து தரக் கேட்டேன். கதவு, யன்னல் வேலைகளே இப்போது வருகின்றன, வண்டில் கேட்டு எவரும் வருவதில்லை என்றார். வண்ணம் பூசாது, அச்சைத் தட்டிக் கழற்றக்கூடியதாகச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். பேசிக்கொண்டிருக்கையில் அவரது பேத்தி முற்றத்திற் பற்றறிக் காரொன்றை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டிற் கண்டது போன்றதே. “தேப்பன் கட்டாரிலை இருந்து அனுப்பினது” என்று அவர் சற்றுப் பெருமையோடு சொன்னார்.

பார்த்தைப் படித்த கர்வம் எனக்கு அப்போது உதவவில்லை. கடல் கடந்து உழைக்கும் தந்தையொருவன் தன் மகளுக்கு அனுப்பிய அப்பொருளில் வசந்தசேனையின் கண்ணீர் போன்ற ஒன்று இருந்தது. அதனை இகழும் உரிமை விமர்சகனுக்கு இல்லை. நல்ல தேரை ஆக்கும் கை ஒரு வீட்டிலும், அதனை வேண்டும் கை வேறொரு வீட்டிலும் இருக்கும் நிலை உருத்திரங்கண்ணனார் காலத்தோடு ஒழிந்துவிடவுமில்லை. எனினும் அந்தக் கார் ஒருநாள் நின்றுவிடும். அப்போது அச்சிறுமி அதனைப் பாட்டனாரிடம் கொண்டு வருவாள். ஆணியும் உளியும் கைவரப்பெற்ற அம்மனிதர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்க நேரும். பேத்தியின் பொம்மையைத் திருத்த இயலாத தச்சரை உண்டாக்கியதே நம் காலத்து விளையாட்டுப் பொருளின் தோல்வி. அம்மம்மாவின் வினாவுக்கு விடை கூறத்தக்க பொருளைத் தெரிந்து கொடுத்தல், குழந்தைக்குச் செய்யும் நன்மை மட்டுமன்றி, அவரைப் போன்றோரின் கைக்கு மீண்டும் வேலை கொடுத்தலும் ஆகும்.